சுவரைப் பார்த்த கட்டை

மரப் படகுக்கு ஆகாய நீலம் அடித்து, அடிப்பலகையில் வெள்ளி நட்சத்திரங்கள் ஒட்டி, சாப்பாட்டு மேசைக்கு மேலே சங்கிலியில் தொங்கவிட்ட மனிதனுக்கு என்ன தண்டனை தரலாம் என்று நான் பதினோரு வருடம் யோசித்தேன். எங்கள் ஊரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த மீன் உணவகம் அது. போகும்போதெல்லாம் விலைக்குக் கேட்பேன். "அலங்காரத்துக்கு இருக்கு சார், விக்கிறதுக்கு இல்ல" என்பான் முதலாளி. அத்தோடு என் சூப்பு கெட்டுவிடும். போன மார்ச்சில் அவன் கடையை மூடினான். வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் வந்து கழற்றிக்கொண்டு போகலாம் என்று போன் வந்தது. புதன்கிழமை அவன் கடையைத் திறப்பதற்கு முன்பே நான் ஏணியோடு வாசலில் நின்றேன்.

என் கொட்டகையில் அப்போது ஏழு படகுகள் இருந்தன. எல்லாமே பெட்டிப் படகுகள். எங்கள் ஊரை ஒட்டிய பார்னெகட் வளைகுடாவில் வாத்து வேட்டைக்கென்றே செய்தவை. பன்னிரண்டு அடி நீளம், முழங்கால் உயரம், மேலே மூடிய தளம், நடுவில் ஆள் இறங்கிப் படுக்க ஒரு திறப்பு. தளத்தின் மேல் சதுப்புப் புல்லை அள்ளிப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டால் வாத்துக்கு என்ன, கட்டிய மனைவிக்கே ஆள் இருப்பது தெரியாது. அதனால் இதற்குக் காய்ந்த புல்லின் நிறத்தைத் தவிர வேறு நிறம் அடிப்பது கிடையாது. பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்து, "எப்படி இருக்கு ஹார்லன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கொட்டகைக் கதவிலேயே ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறேன்: "சந்தில் எதையும் அடைக்காதே. தண்ணீர் பார்த்துக்கொள்ளும்." இந்தப் படகுகள் வெள்ளைத் தேவதாரு மரம். கோடை முழுக்கக் கொட்டகையில் காய்ந்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே காசு நுழைகிற அளவுக்குச் சந்து விடும். விஷயம் தெரிந்தவன் படகை ஓடையில் மூழ்கடித்து மூன்று நாள் விட்டுவிடுவான். மரம் தண்ணீரைக் குடித்து உப்பி, தன் சந்தைத் தானே மூடிக்கொள்ளும். தெரியாதவன் பதறிப்போய்ச் சந்தில் கெட்டியாக எதையாவது அடைப்பான். பிறகு மரம் உப்ப இடமிருக்காது. பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, உள்ளே இருக்கும் விலாச் சட்டங்களை முறித்துவிடும். இதை முப்பது வருடமாக மாவட்டம் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கிறேன்.

நீலப் படகைக் கொண்டுவந்து, பின்பக்கத் தளத்துக்கு அடியில் கையை விட்டுப் பெயின்டைச் சுரண்டினேன். செய்தவனின் முத்திரை அங்கேதான் இருக்கும். நாரையின் கால்தடம்போல மூன்று கோடுகள், பக்கத்தில் ஒரு எண். சூட்டுக்கோலால் போட்டது. அறுபத்தொன்று.

எண்ணை விரலால் தடவி இன்னொரு முறை படித்தேன். நாரைக்கால் எங்கள் ஊர்ப் படகுத் தச்சர் ஆஸா கிரான்மரின் முத்திரை. அறுபத்தொன்று அவர் செய்த கடைசிப் படகு.

எங்கள் ஊரில் லொரெட்டாவின் தூண்டில் கடைச் சுவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு எல்லோரும் காபிக்குக் கூடும் இடம் அது. படகு செய்பவர்கள் முதல் படகின் அடிக்கட்டையில் வெட்டிய துண்டில் தங்கள் பெயரைச் செதுக்கி அந்தச் சுவரில் மாட்டுவார்கள். ஒருவர் செய்த படகு தண்ணீரில் ஆளைக் கைவிட்டால், அவர் கட்டையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவார்கள். மறுபடி திருப்ப வேண்டுமென்றால் அந்தப் படகைக் கொண்டுவந்து காட்டி, எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்திருக்க, காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆஸாவின் கட்டை நாற்பத்துமூன்று வருடமாகத் திரும்பியே இருந்தது. அறுபத்தொன்றாம் படகை வாங்கியவன் என் பெரியப்பா மகன் கிளேட்டன். எழுபத்தொன்பதாம் வருட நவம்பரில் வளைகுடா நடுவில் அது அவனுக்குக் கீழே பிளந்தது. மட்டி பிடிக்கும் படகொன்று வந்து அவனை அள்ளிக்கொண்டது. இடது கையில் இரண்டு விரல்கள் குளிரில் போயின. படகு அலையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஆஸாவிடம் ஒருவரும் படகு செய்யச் சொல்லவில்லை.

அந்தச் சுவரில் என் கட்டையும் இருக்கிறது. நான் படகு செய்பவன் அல்ல. ஆனாலும் பழைய படகுகளைக் காப்பாற்றுகிறேன் என்பதற்காகப் பத்து வருடத்துக்கு முன் அவர்களாகவே கூப்பிட்டு மாட்டச் சொன்னார்கள். என் கல்யாணப் போட்டோவைவிட அதைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

ஆஸாவின் மகள் ஐடெல்லாவுக்குப் போன் செய்தேன். மறுநாளே வந்தாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பஸ்ஸை ஓட்டியவள் அவள். எனக்கு அறுபத்திரண்டு வயதாகியும் அவளை மிஸ் ஐடெல்லா என்றுதான் கூப்பிட வருகிறது. படகிலிருந்து நான்கடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"இதுவா?"

"இதேதான், மிஸ் ஐடெல்லா. நம்பரைப் பாத்துட்டேன்."

"சின்னதா இருக்கே. நான் ரொம்பப் பெருசா நினைச்சு வெச்சிருந்தேன்." கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா இதைத் தேடிச் சதுப்புல நடந்தார், தெரியுமா? தண்ணி உறைஞ்ச பிறகும். ஒரே ஒரு தடவை அடிப்பலகையப் பாத்தா போதும், எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிடும்னு சொல்லிட்டே இருந்தார். அப்புறம் பன்னெண்டு வருஷம் ஜன்னல் கதவு செஞ்சே காலத்தை ஓட்டினார். சாகறதுக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, 'அஞ்சாவது விலாவா இருக்குமோ?'ன்னு கேட்டார்."

நான் கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தேன்.

"பெயின்டெல்லாம் எடுத்துட்டுப் பாத்துச் சொல்லு. தப்பு அவர் மேலன்னா அவர் மேலன்னே சொல்லு. எழுபத்தொண்ணு ஆச்சு எனக்கு, என்னை யாரும் தாஜா பண்ண வேண்டாம். எதுவா இருந்தாலும் நிஜத்தைச் சொல்லு."

"கண்டிப்பா சொல்றேன்."

"பஸ் ஜன்னலை உடைச்சது யாருன்னு கேட்டப்பவும் இதே மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான் 'கண்டிப்பா நான் இல்ல'ன்னு சொன்னே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

பெயின்ட் எடுக்க ஒன்பது நாள் ஆனது. நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே ஒரு கேவலமான பச்சை, எல்லாவற்றுக்கும் கீழே ஆஸா அடித்த காய்ந்த புல் நிறம். எங்கோ கரை ஒதுங்கி எத்தனை கை மாறியதோ. பத்தாம் நாள் அடிப்பலகைச் சந்தில் என் சுரண்டி கல்லில் பட்டதுபோல் நின்றது. பெரிய விளக்கைக் கொண்டுவந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில், இரும்புபோல் இறுகிப்போன பட்டி. காரில் விழுந்த பள்ளத்தை அடைப்பார்களே, அதே பட்டி. நடுப்பலகைக்கு இரண்டு பக்கமும் முனையிலிருந்து முனை வரை அடைத்திருந்தது. உள்ளே பார்த்தால் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐந்து விலாக்களும் ஒரே இடத்தில் முறிந்திருந்தன. செப்பு ஆணிகள் தலையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. மரத்தில் ஒரு முடிச்சு இல்லை, ஒரு சொத்தை இல்லை. ஆஸா செய்ததில் குறை சொல்ல ஒரு மயிரிழைகூட இல்லை.

சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். அடுத்த நிமிடம் கிளேட்டன் நினைவு வந்து பற்றிக்கொண்டு வந்தது. பட்டியில் ஒரு துண்டை உளியால் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

கிளேட்டன் பின்வாசலில் உட்கார்ந்து மட்டி உடைத்துக்கொண்டிருந்தான். இடது கையின் மூன்று விரல்களில் மட்டியைப் பிடித்து, வலது கையால் கத்தியை நுழைத்து ஒரு திருப்பு. பத்து விரல் உள்ளவனைவிட வேகமாகச் செய்வான். பட்டித் துண்டை அவன் முன்னால் போட்டேன்.

"இது என்னன்னு தெரியுதா?"

"பட்டி."

"எங்கேர்ந்து எடுத்தேன் தெரியுமா?"

"உன் மண்டைக்குள்ளேர்ந்தா?"

"சிரிக்காதேடா. அறுபத்தொண்ணு கெடச்சிருச்சு. சந்து முழுக்க இதுதான் இருக்கு. ஆஸா படகு பிளந்துடுச்சு, பிளந்துடுச்சுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, பட்டி பூசினேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அந்த மனுஷன் அதையே நினைச்சு நினைச்சுச் செத்தார்டா."

கிளேட்டன் கத்தியைக் கீழே வைத்தான். துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"நான் எங்க பூசினேன்? நீதானே பூசினே."

"என்ன உளர்றே?"

"நீதான் ஹார்லன். அப்போ டிங்கரிங் கடையில வேலை பாத்தியே, அங்கேர்ந்து டின்னோட தூக்கிட்டு வந்தே. சீசன் தொறக்குது, மூணு நாள் எவன் ஊற வைப்பான், நான் அரை நாள்ல அடைச்சுத் தர்றேன்னே. அப்புறம் ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து தேச்சே. கண்ணாடி மாதிரி இருக்கு, தடவிப் பாருன்னு என் கையப் புடிச்சு வெச்சே. அன்னைக்கு அந்தக் கையில அஞ்சு வெரல் இருந்துச்சு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. பட்டியைக் கலக்கும்போது வருமே, பழம் அழுகினதுபோல் இனிப்பாக ஒரு வாடை. பிறகு பெரியப்பாவின் கொட்டகை, என் முழங்கால் வலி, தேய்த்து முடித்துத் தடவிப் பார்த்தபோது வந்த கர்வம், எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குப் பத்தொன்பது வயது. அந்த அக்டோபரில் கடற்படையில் சேர்ந்து போய்விட்டேன். படகு பிளந்த செய்தி அம்மா எழுதிய கடிதத்தில் ஒரு வரியாக வந்தது. நான்கு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது ஆஸாவின் கட்டை திரும்பியிருந்தது. ஏன் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. மரம் உப்புவதைப் பற்றியெல்லாம் நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். கற்றுக்கொண்ட அன்றாவது நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பது வருடம் அடுத்தவனைத் திட்டிய நேரத்தில் ஒருமுறைகூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ ஏண்டா சொல்லல?" என்றேன்.

"எனக்கு அப்போ என்ன தெரியும்? பட்டி பூசினா படகு உடையும்னு நீ சொல்லித்தான் ஊருக்கே தெரியும். உன் கதவுல இருக்கறத நான் எங்க படிச்சேன், எனக்குக் கண்ணாடியே கெடையாது." ஒரு மட்டியை எடுத்து உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "இங்க பாரு. நான் பூசினேன்னே சொல்லிடு. எனக்கென்ன, சுவத்துல கட்டையா தொங்குது? கிளேட்டன் ஒரு மடையன்னு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். கெழவிக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

நான் வண்டிக்குத் திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்து ஒரு பை மட்டியைக் கட்டி என் வண்டியில் வைத்தான்.

அவன் சொன்னது சுலபமான வழி. ஆஸாவின் பெயர் மீண்டுவிடும், ஐடெல்லாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படியே எனக்கு நானே ஐந்து நாள் சொல்லிக்கொண்டேன். ஐடெல்லா இரண்டு முறை போன் செய்தாள். பெயின்ட் இன்னும் முடியவில்லை என்று இரண்டு முறையும் பொய் சொன்னேன். காலையில் காபிக்குப் போனால் என் கட்டை கண்ணில் பட்டது, அதனால் போவதை நிறுத்தினேன். கதவில் இருந்த பலகையைக் கழற்றிவிடலாமா என்றுகூடத் திருப்புளியோடு போய் நின்றேன். அதில் எழுதியிருப்பது சரிதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆஸா ஒரு குளிர்காலம் முழுக்கச் சதுப்பில் அடிப்பலகையைத் தேடி நடந்தது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது தன் பெயர் நல்லதா கெட்டதா என்பதல்ல. என்ன நடந்தது என்பதுதான். அதை அவர் மகளுக்கு முக்கால்வாசி சொல்லி நிறுத்துவது எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆறாம் நாள் அவளை வரச் சொன்னேன்.

படகு கவிழ்த்தபடியே இருந்தது. சந்தைக் காட்டினேன், பட்டியைக் காட்டினேன், முறிந்த விலாக்களை விளக்குப் பிடித்துக் காட்டினேன். அவள் நான்கடி தள்ளி நின்றே பார்த்தாள்.

"அப்போ அஞ்சாவது விலா?"

"அஞ்சாவதுல ஒரு குத்தமும் இல்ல. எதுலயும் இல்ல. பட்டி மட்டும் இல்லன்னா இது இன்னைக்கும் தண்ணியில நிக்கும்."

"பூசினது கிளேட்டனா?"

கிளேட்டன் கொடுத்த வாய்ப்பு என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினேன்.

"இல்ல மிஸ் ஐடெல்லா. நான். எனக்கே மறந்துபோச்சு. போன வாரம்தான் தெரிஞ்சுது. உங்க அப்பாவைக் கெடுத்தது நான்தான்."

அவள் முதன்முறையாகப் படகின் பக்கத்தில் வந்தாள். விரலைச் சந்தில் வைத்து மெதுவாக முனை வரை இழுத்துக்கொண்டே போனாள். பிறகு என் மர முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அந்த பஸ் ஜன்னல்?"

"அதுவும் நான்தான்."

"அது அன்னைக்கே தெரியும்" என்றாள். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இதை வண்டியில ஏத்திட்டு லொரெட்டா கடைக்கு வா."

மறுநாள் கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். கிளேட்டனும் இருந்தான். எல்லோரும் வெளியே வந்து படகைப் பார்த்தார்கள், சந்தில் நகத்தை வைத்துக் கீறினார்கள். உள்ளே வந்து கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். நான் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு வரிதான். "அவன் பூசறப்போ நான் வெளக்கு புடிச்சேன், அதையும் சேத்துக்கோங்க" என்றான் கிளேட்டன் மூலையிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை.

ஐடெல்லா முக்காலி போட்டு ஏறினாள். ஆணி துருவேறிப் பிடித்திருந்ததால் கட்டையை இரண்டு கைகளாலும் அசைத்துத்தான் திருப்ப முடிந்தது. மற்ற கட்டைகளெல்லாம் புகையிலும் வெயிலிலும் கறுத்துப்போயிருந்தன. ஆஸாவுடையது மட்டும் நேற்று வெட்டியதுபோல் வெளுப்பாக இருந்தது. எழுத்துகளின் ஓரம்கூட மழுங்கவில்லை. லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நான் போய் என் கட்டையைச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். அதைத் திருப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

"எத்தனை நாளைக்கு ஹார்லன்?" என்றாள் லொரெட்டா.

"அதை இவங்கதான் சொல்லணும்" என்று ஐடெல்லாவைக் காட்டினேன்.

"படகு மொதல்ல மிதக்கட்டும்" என்றாள் அவள். "அப்புறம் சொல்றேன்."

ஐந்து விலாக்களையும் மாற்றினேன். பட்டியைத் துளித் துளியாகப் பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற ஒரு கொக்கியால் எடுத்தேன், அதற்கே ஒரு கோடை போனது. சந்தில் எதையும் அடைக்கவில்லை. அக்டோபரில் ஓடையில் மூழ்கடித்தேன். நான்காம் நாள் இறைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஐடெல்லா ஆண்பிள்ளைச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு வந்தாள். அவளை அதில் மல்லாக்கப் படுக்க வைத்து, நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டேன். மேலே வாத்துகள் போயின. அவள் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்தாள். எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது, ஆனால் பிடியை விடவில்லை.

படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையேறியதும் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தொட்டுப் பாரு. ஈரமா?"

"இல்ல. காஞ்சிருக்கு."

"அப்பாவோட வேலை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் கட்டைக்குக் கணக்குப் போட்டுட்டேன். அவரோடது எத்தனை வருஷம் திரும்பியிருந்துச்சோ, அத்தனை வருஷம். நாப்பத்தி மூணு."

"சரி."

"முடிஞ்சதும் நானே வந்து திருப்பி வைக்கிறேன்."

"உங்களுக்கு அப்போ நூத்திப் பதினாலு வயசு ஆகும், மிஸ் ஐடெல்லா."

"அதுக்கென்ன, நான் வருவேன்" என்றாள், பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டியபடி. "நீ அதுக்குள்ள செத்துத் தொலையாதே."